பாடம் 2014-ல், பயிற்சி 2018-ல்: இங்கிலாந்தின் கணினி ஆசிரியர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜனவரி 11 அன்று லண்டனில் நடந்த கல்வித் தொழில்நுட்பக் கண்காட்சியில் அன்றைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பேசினார். பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடத்திட்டத்தை அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அந்த மேடையில்தான் அறிவித்தார். வேர்டும் எக்செல்லும் கற்றுத் தரும் பாடம் அது. சலித்துப்போன ஆசிரியர்கள் சலித்துப்போன பிள்ளைகளுக்கு அதை நடத்துகிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதற்குப் பதிலாக வரப்போவது கணினி அறிவியல்.

கைதட்டல் கிடைத்த பேச்சுதான். ஆனால் புதிய பாடத்தை நடத்தப் புதிய ஆசிரியர்கள் யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை. சலித்துப்போனவர்கள் என்று மேடையில் சொல்லப்பட்ட அதே ஆட்கள்தான் நடத்தியாக வேண்டும். அவர்களைத் தயார்படுத்த அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்து என்னென்ன செய்தது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. பிரிட்டன் முழுவதையும் பற்றியது அல்ல இது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிக் கல்வி அமைப்பு உண்டு.

மாற்றம் திடீரென்று வந்ததுபோலத் தெரிந்தாலும் அழுத்தம் முன்பே இருந்தது. 2011 பிப்ரவரியில் கணினி விளையாட்டு, திரைப்படக் கிராஃபிக்ஸ் துறைகளின் சார்பில் வந்த ஓர் அறிக்கை, பள்ளியில் கணினி அறிவியல் இல்லாததால் தங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றது. அந்த ஆகஸ்டில் எடின்பரோவில் பேசிய கூகுள் தலைவர் எரிக் ஷ்மிட், கணினியை உருவாக்கிய நாட்டின் பள்ளிகளில் கணினி அறிவியல் ஒரு வழக்கமான பாடமாக இல்லையே என்று வியந்தார். கோவ் பேசிய அதே மாதத்தில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கை வெளிவந்தது. அதைத் தயாரித்த குழுவின் தலைவர் ஸ்டீவ் ஃபர்பர். 1980-களில் இங்கிலாந்துப் பள்ளிகளையெல்லாம் எட்டிய பிபிசி மைக்ரோ கணினியையும், பிறகு ஆர்ம் சில்லையும் வடிவமைத்தவர்களில் ஒருவர். ஐசிடி ஆசிரியர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானவர்களுக்குத்தான் துறை சார்ந்த தகுதி இருக்கிறது என்று அந்த அறிக்கை காட்டியது. மற்றவர்கள் வணிகவியல், உடற்கல்வி, புவியியல் என்று எங்கிருந்தோ வந்து, கால அட்டவணையில் இடம் காலியாக இருந்ததால் கணினி அறைக்குள் நுழைந்தவர்கள்.

சரி, அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட பாடம் எது? 2013 செப்டம்பரில் இறுதி வடிவம் வெளியாகி, 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் ஒரு குழந்தை அல்காரிதம், அதாவது ஒரு வேலையை முடிப்பதற்கான படிகளின் வரிசை, என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். சின்னச் சின்ன நிரல் எழுதிப் பிழை திருத்தவும் வேண்டும். 11 முதல் 14 வயதுக்குள் இரண்டு நிரல் மொழிகளாவது தெரிய வேண்டும், அவற்றில் ஒன்று பைத்தான் போல எழுத்தில் எழுதும் மொழியாக இருக்க வேண்டும். பூலியன் தர்க்கம் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்து நடக்கும் தர்க்கம்), இரும எண்கள், தேடுதலுக்கும் வரிசைப்படுத்துதலுக்குமான அல்காரிதங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். இறுதி வடிவம் கைக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் நடத்தத் தொடங்கும் நாள் வரை ஆசிரியருக்குக் கிடைத்தது ஓராண்டு.

ஆசிரியர்களே தொடங்கிய வலை

அரசு இதில் வெறுங்கையோடு இறங்கவில்லை. அதற்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. 2008-லேயே கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல் என்ற பெயரில் ஒரு சிறு குழு உருவாகியிருந்தது. அதன் முகமாக விளங்கியவர் சைமன் பெய்டன் ஜோன்ஸ். ஹாஸ்கெல் என்ற நிரல் மொழிக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். அப்போது கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தார். ஆய்வாளர், பேராசிரியர், பள்ளி ஆசிரியர் என்று கலந்து சேர்ந்த கூட்டம் அது. உறுப்பினராகக் கட்டணம் கிடையாது. ஊருக்கு ஊர் கிளைக் கூட்டங்கள், பள்ளி விட்ட பிறகு யாராவது ஒருவருடைய வகுப்பறையில் நடக்கும். ஒருவர் தான் நடத்திய பாடத்தைக் காட்டுவார், மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். கணினிக்காரர்களின் தொழில்முறைச் சங்கமான பிசிஎஸ் அதற்கு நிர்வாக முதுகெலும்பாக இருந்தது.

அரசு இந்த வலையையே பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 2013-ல் சுமார் 20 லட்சம் பவுண்டு ஒதுக்கி 400 'மாஸ்டர் ஆசிரியர்'களை உருவாக்குவதாக அறிவித்தார்கள். மாஸ்டர் ஆசிரியர் என்பவர் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆனவர் அல்ல. பக்கத்துப் பள்ளியில் இப்போதும் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவர். அவரை வாரத்தில் கொஞ்ச நேரம் விடுவிக்க அவருடைய பள்ளிக்குப் பணம் போகும். அந்த நேரத்தில் அவர் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

இந்த அமைப்பின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வழக்கமான பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர் வருவார், திரையில் படம் காட்டுவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். திங்கட்கிழமை வகுப்பில் நிரல் ஓடாமல் நின்றால் அவரைப் பிடிக்க முடியாது. மாஸ்டர் ஆசிரியரைப் பிடிக்கலாம். அவர் பள்ளியிலும் அதே பழைய கணினிகள், அதே இணையத் தடைகள், அதே 30 பிள்ளைகள். அவர் சொல்லும் யோசனை போன வாரம் அவருடைய வகுப்பில் சோதிக்கப்பட்டதாக இருக்கும். பிறகு இந்த வலைக்குப் பல்கலைக்கழகங்களில் அமைந்த பத்து வட்டார மையங்களும் துணை சேர்ந்தன.

கெட்ட பக்கமும் அங்கேயே இருந்தது. தானாக வருகிறவர்களுக்குத்தான் இது உதவும். பள்ளி விட்ட பிறகு மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு வண்டியோட்டி வருகிற ஆசிரியர், ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். வராதவருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. தொண்டர்களை நம்பி நடக்கும் எந்த அமைப்புக்கும் உள்ள சிக்கல்தான் இது. ஆனால் ஒரு கட்டாயப் பாடத்தின் எதிர்காலத்தையே அதன்மேல் ஏற்றி வைப்பது வேறு விஷயம்.

தொடக்கப் பள்ளிக்குத் தனி ஏற்பாடு. 11 லட்சம் பவுண்டு நிதியில் 'பேர்ஃபுட்' என்ற திட்டம் 2014-ல் வந்தது. பிறகு அதன் பொறுப்பைத் தொலைபேசி நிறுவனமான பிடி எடுத்துக்கொண்டது. கணினியே இல்லாமல், அட்டைகளையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு அல்காரிதம் சொல்லிக் கொடுக்கும் பாடங்கள் அதில் நிறைய. எல்லாப் பாடத்தையும் ஒருவரே நடத்தும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அது பயத்தைக் குறைத்தது. என் பார்வையில், முதல் கட்டத்தில் போட்ட பணத்துக்கு நல்ல பலன் தந்த திட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் தொடக்க, மேல்நிலைப் பள்ளிகள் ஏறக்குறைய 20,000. மேலே சொன்ன இரண்டு தொகைகளையும் கூட்டிப் பிரித்தால் பள்ளி ஒன்றுக்கு சுமார் 150 பவுண்டு. ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அந்த நாளுக்கு மாற்று ஆசிரியரை அமர்த்துவதற்கே அங்கே ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஒரு நாள் கணக்கு! இதில் வேடிக்கை என்னவென்றால், 2014 பிப்ரவரியில் அரசு ஆதரவோடு தொடங்கிய ஒரு நிரலாக்க இயக்கத்தின் தலைவி, பிபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் தனக்கு நிரல் எழுதத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அதே மூச்சில், நிரலாக்கம் கற்பிக்க ஆசிரியர்களை ஒரே நாளில் தயார்படுத்திவிடலாம் என்ற பொருளிலும் பேசினார். ஆசிரியர்கள் கொதித்துப் போனார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் உளறவில்லை. அரசின் நிதி ஒதுக்கீடு என்ன சொல்லியதோ அதையேதான் வாய்விட்டுச் சொன்னார்.

வகுப்பறைக்குள்

2014-க்குப் பின் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சான்று, சூ சென்டன்ஸும் ஆண்ட்ரூ சிஸ்மாடியாவும் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியர்கள் சொன்ன கஷ்டங்களில் தங்கள் பாட அறிவுக் குறை முக்கியமான ஒன்று. அது எதிர்பார்த்ததே. ஆனால் மற்றவற்றைப் பாருங்கள்: ஒரே வகுப்பில் வீட்டிலேயே நிரல் எழுதிப் பழகிய பிள்ளையும் மவுஸைத் தேடும் பிள்ளையும் இருப்பது, பிழை வந்ததும் யோசிக்காமல் கையைத் தூக்கி ஆசிரியரைக் கூப்பிடுவது, பள்ளிக் கணினிகளில் தேவையான மென்பொருளை நிறுவ முடியாமல் போவது. பைத்தான் வகுப்புக்குப் போய் வந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

அப்போது நடந்த பயிற்சிகளில் பெரும்பகுதி பைத்தான் வகுப்புகள்தான். ஆசிரியருக்கு மாறி, நிபந்தனை, சுழல், பட்டியல் என்று வரிசையாகக் கற்றுக் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் போய் அதே வரிசையில், அதே வேகத்தில் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தினார். திரையில் உள்ளதைப் பார்த்து எல்லோரும் தட்டச்சு செய்வார்கள். பாதிப் பேருக்கு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். 50 நிமிடம் முடியும்போது ஆசிரியர் அறை முழுக்க ஓடி ஓடிக் களைத்திருப்பார். பிள்ளைகள் ஒரு நிரலை நகலெடுத்திருப்பார்கள், புரிந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மேல் தேர்வுச் சிக்கல். 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ கணினி அறிவியலில் 20 சதவீத மதிப்பெண், வகுப்பிலேயே 20 மணி நேரத்தில் செய்யும் நிரலாக்கப் பணிக்கு அப்போது இருந்தது. அந்தப் பணிகளும் விரிவான விடைகளும் இணையத்தில் பரவியதைத் தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவல் கண்டுபிடித்தது. 2018 ஜனவரியில் அந்தப் பணியை மதிப்பெண்ணிலிருந்து நீக்குவது உறுதியானது. மாணவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தன் வகுப்புக்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கும் நம்பிக்கை இல்லாத ஆசிரியர், ஒரே ஒரு பணியின் முடிவை வைத்து மதிப்பிடப்படும் நிலையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பரில் ராயல் சொசைட்டி இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. நிலைமை திட்டுத்திட்டாகவும் எந்நேரமும் உடையக்கூடியதாகவும் இருக்கிறது என்பது அதன் முடிவு. இங்கிலாந்துப் பள்ளிகளில் 54 சதவீதம் ஜிசிஎஸ்இ கணினி அறிவியலை வழங்கவே இல்லை. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் 44 சதவீதம் பேர், கணினி அறிவியல் குறைவாக உள்ள தொடக்கப் பகுதிகளை நடத்துவதில்தான் தங்களுக்கு நம்பிக்கை உண்டு என்றார்கள். 2012 முதல் 2017 வரை புதிய கணினி ஆசிரியர் பயிற்சிக்கான சேர்க்கை இலக்கில் 68 சதவீதம்தான் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி பவுண்டு செலவிடுங்கள், அதாவது இப்போது செலவிடுவதைப் போலப் பத்து மடங்கு, என்று அறிக்கை கேட்டது.

கேட்டதைவிடக் கூடவே கிடைத்தது. அதே மாதம் நிதியமைச்சர் ஃபிலிப் ஹேமண்ட் தன் பட்ஜெட்டில் 8.4 கோடி பவுண்டு அறிவித்தார். இலக்கு 8,000 ஆசிரியர்கள்.

இரண்டாவது முயற்சி

அந்தப் பணத்தில் 2018 நவம்பரில் தேசியக் கணினிக் கல்வி மையம் தொடங்கியது. யார்க் நகரில் அறிவியல் ஆசிரியர் பயிற்சியைப் பல்லாண்டுகளாக நடத்திவந்த ஸ்டெம் லேர்னிங், பிசிஎஸ், ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினிக்குப் பின்னால் இருக்கும் ராஸ்பெரி பை அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து நடத்தின. 18 வயதில் எழுதும் ஏ-லெவல் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 'ஐசக்' என்ற இணையவழிப் பாடத் தொகுப்பை உருவாக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வந்தது. மையத்தின் தலைவராக அமர்ந்தவர் அதே பெய்டன் ஜோன்ஸ். நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் வட்டார மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாஸ்டர் ஆசிரியர் முறையில் இருந்த நல்ல அம்சம், அதாவது பக்கத்துப் பள்ளிக்காரரிடமே கற்பது, இதில் கைவிடப்படவில்லை.

மேல்நிலை ஆசிரியர்களுக்கான முதன்மைத் திட்டத்துக்கு ஆக்சிலரேட்டர் என்று பெயர். கணினி அறிவியல் பட்டம் இல்லாத ஆசிரியரை ஜிசிஎஸ்இ நடத்தும் அளவுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். நுழைந்தவுடன் ஒரு சோதனை. எது தெரியும், எது தெரியாது என்று பார்த்து அவருக்கேற்ற பாதை வகுக்கப்படும். 40 மணி நேரம் வரை பயிற்சி. பாதி இணையத்தில், பாதி நேரில் என்று கலந்து எடுக்கலாம். கடைசியில் தேர்வு, சான்றிதழ். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும் நேர்முக வகுப்புகள் முழுக்க இணையத்துக்கு மாறின. தொலைவில் இருந்த சிறிய பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அது ஒருவகையில் வசதியாகவும் போயிற்று.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான அம்சம் எது என்று கேட்டால், பாடத்தைச் சொல்ல மாட்டேன், பணத்தைச் சொல்வேன். பயிற்சிக்கு ஆசிரியரை அனுப்பும் பள்ளிக்கு, அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வைக்கும் செலவுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்கு அது இன்னும் கூடுதல். தலைமையாசிரியர் "போய் வா" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம் தந்தது. அதுவரை கணினி ஆசிரியரின் வளர்ச்சி அவருடைய சொந்த மாலை நேரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது; இப்போதுதான் முதல்முறையாக அது வேலை நேரத்துக்குள் வந்தது.

இன்னொரு பெரிய உதவி, ராஸ்பெரி பை அறக்கட்டளை தயாரித்த முழுப் பாடத் தொகுப்பு. ஐந்து வயது முதல் 16 வயது வரை ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத் திட்டம், படக்காட்சி, பயிற்சித் தாள், மதிப்பீடு எல்லாம் இலவசமாக, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமத்தோடு. இது பயிற்சியே அல்ல, வெறும் பாடப்பொருள்தானே என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல பாடத் திட்டத்தை ஓர் ஆண்டு முழுக்க நடத்திப் பார்ப்பதே ஒரு பயிற்சி. ஏன் இந்தக் கேள்வி இந்த இடத்தில் வருகிறது, இந்தப் பயிற்சித் தாளில் ஏன் பிழையான நிரல் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசிக்கும் ஆசிரியர் அதிலிருந்தே நிறையக் கற்றுக்கொள்வார். யோசிக்காதவருக்கும் குறைந்தபட்சம் அடுத்த நாள் வகுப்பு காப்பாற்றப்படும். இதே அறக்கட்டளை பிறகு தெலங்கானாவிலும் ஒடிசாவிலும் அரசுப் பள்ளிகளுக்கான கணினிப் பாடங்களில் வேலை செய்தபோது, இங்கிலாந்தில் கிடைத்த இந்த அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது.

வாசிப்பா, எழுத்தா

பயிற்சியின் உள்ளடக்கத்தில் நடந்த மாற்றம்தான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு 'பிரிம்' என்ற கற்பித்தல் முறை. சூ சென்டன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவாக்கியது. ஐந்து படிகள்: நிரலைப் பார்த்து என்ன செய்யும் என்று ஊகி, ஓட்டிப் பார், உள்ளே நுழைந்து ஆராய், கொஞ்சம் மாற்று, கடைசியாகச் சொந்தமாக ஒன்று செய். வெற்றுத் திரையின் முன்னால் பிள்ளையை உட்கார வைப்பது கடைசிப் படியில்தான். அதற்கு முன் நான்கு படிகளும் வேறு யாரோ எழுதிய நிரலை வாசிப்பது பற்றியவை.

ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 'அ' என்ற மாறியில் 5 வைக்கிறோம். இரண்டாவது வரியில் 'ஆ'வில் 'அ'வின் மதிப்பை வைக்கிறோம். மூன்றாவது வரியில் 'அ'வை 7 ஆக மாற்றுகிறோம். இப்போது 'ஆ'வை அச்சிட்டால் என்ன வரும்? நிரல் கற்கத் தொடங்கும் பலர் 7 என்பார்கள். இரண்டாவது வரி 'அ'வையும் 'ஆ'வையும் நிரந்தரமாகக் கட்டிப்போட்டுவிட்டது என்ற எண்ணம். கணக்குப் பாடத்தின் சமன் குறி அப்படித்தானே அவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. இன்னும் சிலர், 'அ'வுக்குள் 5-ம் 7-ம் இரண்டும் இருக்கின்றன என்பார்கள். பார்த்துத் தட்டச்சு செய்யும் வகுப்பில் இந்தத் தவறான புரிதல் வெளியே வரவே வராது. நிரல் ஓடும், 5 என்று வரும், பிள்ளை அடுத்த வரிக்குப் போய்விடும். ஓட்டுவதற்கு முன் ஊகிக்கச் சொல்லும்போதுதான் அது மேலே வருகிறது. இருவர் இருவராக உட்கார்ந்து வாதாடும்போது இன்னும் தெளிவாக வரும்.

இதில் ஆசிரியருக்கு என்ன பயன்? இரண்டு. முதலாவது, வகுப்பு முழுக்க ஓடி அடைப்புக்குறி தேடும் வேலை குறைகிறது. நிரல் ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடுகிற நிலையில் இருக்கிறது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. நிரலாக்கத்தில் ஆழமான அனுபவம் இல்லாத ஆசிரியரும் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்க முடியும். வரலாறோ மொழிப்பாடமோ நடத்தி வந்தவருக்கு அந்தக் கேள்வி கேட்பது கைவந்த கலை. வேறு பாடத்திலிருந்து வந்தவர் என்பது பைத்தான் பயிற்சியில் ஒரு குறையாக இருந்தது. இங்கே அதுவே அவருக்குக் கைகொடுத்தது.

இது வெறும் கருத்தாக நிற்கவில்லை. 11 முதல் 14 வயதுள்ள 500-க்குச் சற்றுக் குறைந்த மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது; சில வாரங்கள் பிரிம் முறையில் படித்தவர்கள் மற்றவர்களைவிட மேலான முன்னேற்றம் காட்டினார்கள். வித்தியாசம் பிரமாண்டமானதல்ல, ஆனால் தற்செயலாக வந்திருக்கலாம் என்று தள்ளிவிடவும் முடியாதது. தேசிய மையத்தின் பயிற்சிகளிலும் பாடத் தொகுப்பிலும் இந்த முறை இடம்பெற்றது. நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் புதிர், இருவர் சேர்ந்து ஒரே கணினியில் எழுதுவது போன்றவையும் அப்படியே.

பிசிஎஸ் ஏற்கெனவே நடத்திவந்த ஆசிரியர் சான்றிதழையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில் மூன்று பகுதிகள்: தான் எடுத்த பயிற்சிகளைப் பற்றிய பதிவு, ஒரு நிரலாக்கப் பணி, தன் வகுப்பிலேயே ஒரு கேள்வியை எடுத்துச் செய்யும் சிறு ஆய்வு. மூன்றாவது பகுதிதான் சுவையானது. பாட அறிவை மட்டும் சோதிக்காமல், உன் வகுப்பில் என்ன நடக்கிறது என்று நீயே கண்டுபிடி என்று ஆசிரியரைத் தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரின் கடைசித் தேர்வு பாட அறிவைத்தான் அளந்தது. எண்ணிக்கை இலக்கோடு ஓடும் அரசுத் திட்டத்துக்கு அது வசதி. ஆனால் கற்பிக்கும் திறனைச் சான்றிதழின் நடுவே வைத்த பழைய முறை பக்கவாட்டுக்குப் போனது இழப்பு என்றே படுகிறது.

பயிற்சிக்கு எட்டாதவை

சில விஷயங்கள் எந்தப் பயிற்சியாலும் அசையவில்லை.

ஒன்று, ஆள் பற்றாக்குறை. 2023–24-ல் கணினி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவர்கள் இலக்கில் 36 சதவீதம். கணினி தெரிந்த பட்டதாரிக்கு வெளியே கிடைக்கும் சம்பளத்தோடு பள்ளி போட்டி போட முடியாது. பயிற்சி பெற்றுத் தேறிய ஆசிரியருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. ஒரு பள்ளியில் கணினிக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஆசிரியர். அவர் போய்விட்டால் ஜிசிஎஸ்இ கணினி அறிவியலே அந்தப் பள்ளியிலிருந்து போய்விடும். பயிற்சியைத் தனி ஆசிரியருக்குக் கொடுத்தார்களே தவிர, பள்ளிக்குக் கொடுக்கவில்லை என்பது இங்கேதான் வலிக்கிறது.

இரண்டு, நேரம். இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இப்போது அகாடமிகள், அதாவது அரசு நிதியில் நடந்தாலும் உள்ளாட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாத பள்ளிகள். தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றும் சட்டக் கட்டாயம் அவற்றுக்கு இல்லை. 11 வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கணினி கிடைப்பதே பல இடங்களில் நல்ல நிலை. எவ்வளவு திறமையான ஆசிரியரானாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் எல்லாம்.

மூன்று, பெண் பிள்ளைகள். இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. பழைய ஐசிடியை எல்லோரும் திட்டினார்கள். ஆனால் 2015-ல் ஜிசிஎஸ்இ ஐசிடி எடுத்தவர்களில் 43 சதவீதம் பெண்கள். அந்தப் பாடத்தை நிறுத்தும் முடிவு அதே ஆண்டில் வந்தது. 2018-ஓடு தேர்வும் நின்றது. 2023-ல் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் 21 சதவீதம். பாடத்தைக் கடினமாக்கி, நிரலாக்கத்தை மையத்துக்குக் கொண்டுவந்தபோது, கணினியோடு வேறு வகையில் உறவு வைத்திருந்த பெரிய கூட்டம் ஒன்று வெளியேறியது.

இதைச் சரிசெய்ய மையத்தின் ஒரு பகுதியாகவே 2019 முதல் 2022 வரை பெரிய அளவில் கள ஆய்வுகள் நடத்தினார்கள். கதை சொல்லும் வழியில் நிரலாக்கம், இருவர் சேர்ந்து எழுதுதல், முன்னோடிகளை அறிமுகப்படுத்துதல், எந்தப் பாடம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பேச்சு என்று பல உத்திகள். பங்கேற்ற ஆசிரியர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி. தனியாக ஒரு அமைப்பு மதிப்பிட்டது. பெண் பிள்ளைகளின் ஆர்வத்திலோ பாடத் தேர்விலோ புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க மாற்றம் எந்த உத்தியிலும் தெரியவில்லை. ஆசிரியர்கள் அந்த உத்திகளை விரும்பினார்கள், பிள்ளைகளும் விரும்பினார்கள், எண்கள் நகரவில்லை. இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்குப் பாராட்டலாம். சில வாரப் பயிற்சியால் ஆசிரியர் மாற்றக்கூடியது அவருடைய வகுப்பறையைத்தான். பாடத்தின் பெயர், தேர்வின் வடிவம், அண்ணன்மார் யார் எந்தப் பாடம் எடுத்தார்கள் என்ற பேச்சு ஆகியவை வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றன.

2022-ல் மையத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது மூன்று அமைப்புகளின் கூட்டணி கலைந்து, ஸ்டெம் லேர்னிங் பொறுப்பேற்றது. ராஸ்பெரி பை அறக்கட்டளை தன் ஆய்வு வேலையைக் கேம்பிரிட்ஜில் தொடங்கிய தனி மையத்துக்குக் கொண்டுபோனது. ஐசக், 2023-ல் 'ஏடா' என்று பெயர் மாறி, அரசு ஒப்பந்தத்துக்கு வெளியே தொடர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் பாடத் தொகுப்புகள் பொது உரிமத்தில் இருந்ததால் ஆசிரியர்களின் கையை விட்டு எதுவும் போகவில்லை. 2018-ல் உரிமம் எழுதியவர்கள் யாரோ, தொலைநோக்கோடு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த மாற்றம் இப்போது வாசலில் நிற்கிறது. பெக்கி ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்த பாடத்திட்ட மறுஆய்வு 2025 நவம்பரில் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. ஜிசிஎஸ்இ கணினி அறிவியலுக்குப் பதிலாக, அதைவிட அகலமான கம்ப்யூட்டிங் என்ற பாடம் வர வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று, அரசும் ஏற்றுக்கொண்டது. ஐசிடியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட பல விஷயங்கள் புதிய உருவில் திரும்பி வரக்கூடும். தரவு, செயற்கை நுண்ணறிவு, டிஜிட்டல் பயன்பாடு என்று சேரும்போது, கஷ்டப்பட்டுப் பூலியன் தர்க்கமும் இரும எண்ணும் படித்துத் தேறிய அதே ஆசிரியர்கள் மறுபடியும் பயிற்சிக்கு உட்கார வேண்டும். புதிய தேசியப் பாடத்திட்டத்தை 2027 வசந்தத்தில் வெளியிட்டு, 2028 செப்டம்பரில் நடத்தத் தொடங்குவது அரசின் திட்டம். சென்ற முறை இடைவெளி 12 மாதம், இந்த முறை ஒன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.